பார்க்கலாம்

அந்த ஐஸ் கம்பெனியில் யாரும் 'இல்லை' என்று சொல்லிக் கேட்டதில்லை. ஐஸ் கட்டி இல்லையென்றால் 'பார்க்கலாம்' என்பார்கள்.

மீன் விற்கிறவர்களும் பழக்கடைக்காரர்களும் பால் வண்டிக்காரர்களும் காலையிலேயே சாக்கும் கையுமாக வந்து, ஐஸ் ஏற்றும் மேடைக்குக் கீழே நிற்பார்கள். மானேஜர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்து, "பார்க்கலாம்பா" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். பழகினவர்கள் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார்கள். புதிதாக வந்தவர்தான் மாட்டிக்கொள்வார். பெரிய மனுஷர் பார்க்கலாம் என்றிருக்கிறாரே, பார்த்துக் கொடுப்பார் என்று நம்பி, மேடையோரமாகக் குந்தியிருப்பார். வெயில் ஏறி, மேடையின் ஈரமெல்லாம் காய்ந்த பிறகு, சுமை தூக்குகிற யாராவது மனசு கேட்காமல் சொல்வார்: "அண்ணே, இங்க பார்க்கலாம்னா கிடையாதுன்னு அர்த்தம். எழுந்து வீட்டுக்குப் போங்க."

அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர் மானேஜர். அதற்குக் காரணம் முதலாளி.

இரண்டு பேரும் சின்ன வயதிலிருந்தே சிநேகிதர்கள். ஒரே தள்ளுவண்டியில் மரத்தூள் பரப்பி ஐஸ் விற்றவர்கள். முதலாளி முன்னால் இழுப்பார், மானேஜர் பின்னால் தள்ளுவார். பிறகு பழைய இயந்திரம் ஒன்றை வாங்கி, ஓட்டுக் கொட்டகையில் கம்பெனி தொடங்கினார்கள். முதலாளிக்கு எல்லாம் வரும், மறுக்க மட்டும் வராது. யார் வந்து கேட்டாலும் "ஆகட்டும்" என்பார். ஒரே கட்டியை மூன்று பேருக்கு ஆகட்டும் என்று சொல்லியிருப்பார். அவர் வாக்கைக் காப்பாற்ற, உப்புத் தண்ணீர்த் தொட்டியில் இறக்கிய தகர அச்சுகளை நேரம் ஆகுமுன்னே தூக்க வேண்டியிருக்கும். அப்படித் தூக்கின கட்டி பார்வைக்குப் பளிங்கு மாதிரி இருக்கும். நடுவில் உறையாத தண்ணீர் கொஞ்சம் நிற்கும். கொக்கியால் தட்டினால் கணீரென்று கேட்காது, பொத்தென்று கேட்கும். அந்த மாதிரி கட்டி ஒருநாள் வழியிலேயே பிளந்து, ஒரு குடும்பத்தின் மீன் மொத்தமும் நாறிப்போயிற்று. அன்றைக்குத்தான் மானேஜர் சொன்னார்: "உனக்கு இல்லைன்னு சொல்ல வாய் வராது. எனக்கு ஆமான்னு பொய் சொல்ல வராது. நடுவுல ஒரு வார்த்தையை வச்சுக்குவோம்டா. நீ உள்ள போ. நான் சொல்லிக்கறேன்."

கம்பெனி வளர்ந்தது. ஓட்டுக் கொட்டகை போய் மாடிக் கட்டடம் வந்தது. ஊருக்கு வெளியே குளிர்பதனக் கிடங்குகள் எழும்பின. முதலாளி வியாபாரிகள் சங்கத்துக்குத் தலைவரானார். அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டு எத்தனையோ சண்டைகள் கோர்ட் வாசலை மிதிக்காமலே தீர்ந்தன. மானேஜருக்கும் ஒரு பட்டம் கிடைத்தது. முதுகுக்குப் பின்னால் அவர் பெயரே 'பார்க்கலாம்' ஆகிவிட்டது.

முதலாளி போன வாரம் இறந்துபோனார்.

மானேஜர் வீட்டுக் கூடத்தில் அன்று மத்தியானம் காற்று அசையவில்லை. மழை வருகிற மாதிரி மூடிக்கொண்டு, வராமல் ஏமாற்றுகிற வானம். தரையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் ஒரு மேசை விசிறி பிரித்துக் கிடந்தது. இறக்கைகள் ஒரு பக்கம், வலைக்கூண்டு ஒரு பக்கம், திருகாணிகள் ஒரு மூடியில். மானேஜர் அதற்கெதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி காலண்டர் அட்டையால் விசிறிக்கொண்டே தட்டைக் கொண்டுவந்து வைத்தாள்.

"கஞ்சியாவது குடிங்க. ஆறிப்போச்சுன்னா அதுக்கும் ஒரு குத்தம் சொல்லுவீங்க."

"வேணாம்."

"அப்ப ஃபேனையாவது மாட்டுங்க. வீட்டுக்குள்ள வெந்துக்கிட்டிருக்கோம். நல்லா ஓடிக்கிட்டிருந்த ஃபேன், அதை எதுக்குத்தான் பிரிச்சீங்களோ!"

எதற்குப் பிரித்தார் என்பது அவருக்குத் தெரியும். முதலாளி கடைசியாகப் போன் செய்த அன்று சாயங்காலம் பிரித்தது அது.

"டேய், சாயங்காலம் சும்மாதானே இருப்ப? வீட்டுப் பக்கம் வாயேன். பேசிக்கிட்டிருக்கலாம்" என்றார் முதலாளி. குரல் கொஞ்சம் இளைத்திருந்தது. அவருக்கு உடம்பு சரியில்லை என்று மானேஜர் கேள்விப்பட்டிருந்தார். அவ்வளவு முடியவில்லை என்று யாரும் சொல்லவில்லை.

மானேஜருக்கு நெஞ்சில் ஒரு முள் இருந்தது. புதுக் கிடங்கு திறந்த விழாவில் முதலாளி நெடுநேரம் பேசினார். எலெக்ட்ரீஷியனுக்கு நன்றி சொன்னார். வக்கீலுக்குச் சொன்னார். இரவெல்லாம் விழித்திருந்து குரைக்கிற கம்பெனி நாய்க்குக்கூடச் சொல்லி, கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். இரண்டாம் வரிசையில் உட்கார்ந்திருந்த சிநேகிதன் பேரைச் சொல்லவில்லை. மானேஜர் அன்றைக்குச் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்தவர். அதற்கப்புறம் கம்பெனிப் பக்கம் போகவில்லை.

அதனால்தான் போனில், "பார்க்கலாம்" என்றார்.

"சரிடா" என்று முதலாளி போனை வைத்துவிட்டார்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி, "போய்ட்டுத்தான் வாங்களேன். கூப்பிட்டவர் யாரோ எவரோ இல்லை" என்றாள். "வேலை கிடக்கு" என்றவர், வேலை எது என்று தேடி, ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்திப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் காலையில் செய்தி வந்தது. அதன்பின் அந்தத் திருகாணிகளை அவர் தொடவில்லை.

வாசலில் கார் நிற்கும் சத்தம் கேட்டது. கம்பெனியிலிருந்து திரும்புகிற வழியில் முதலாளியின் மகள் உள்ளே வந்தாள். வெளியூரிலேயே படித்து, அங்கேயே வேலை பார்த்துவிட்டு, இப்போதுதான் கம்பெனியைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பவள். மேடைக்கு அவள் அதிகம் வந்ததில்லை. இந்தக் காலத்து வியாபாரம் போனிலேயே நடந்துவிடுகிறது.

"வாம்மா, உட்காரு. அட்டையால விசிறிக்கோ. உங்க மாமா வீட்டுல இப்ப அதான் ஏ.சி." என்றாள் மானேஜர் மனைவி.

அவள் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. "இருக்கட்டும் அத்தை. மாமாகிட்ட ஒண்ணு கேட்கத்தான் வந்தேன். நாளைக்குக் கம்பெனியில இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம், மேடையிலயே. சங்கத்துக்காரங்க எல்லாம் வராங்க. கடைசியா நீங்கதான் பேசணும் மாமா."

"நான் எதுக்கும்மா? பேசறதுக்கு எத்தனையோ பேர் இருக்காங்க."

"அப்பாவைப் பத்தி உங்களைவிட யாருக்குத் தெரியும்? கடைசி நாள் வரைக்கும் உங்க நினைப்புத்தான் அவருக்கு. அன்னிக்குச் சாயங்காலம் போர்டிகோவுல எதிரும் புதிருமா ரெண்டு நாற்காலி போடச் சொன்னார். ஷேவ் பண்ணிக்கிட்டார். சட்டை மாத்திக்கிட்டார். யாருப்பா வர்றாங்கன்னு கேட்டேன். 'உங்க மாமாவைக் கூப்பிட்டேன். பார்க்கலாம்னான்' அப்படின்னு சொல்லிச் சிரிச்சார். உங்களுக்குத்தான் அன்னிக்கு ஏதோ வர முடியாமப் போச்சு. பரவாயில்லை மாமா, நீங்க அதை நினைச்சு வருத்தப்படாதீங்க. வர்றேன்னு சொன்னீங்களே, அந்தச் சந்தோஷத்துலயே இருந்தார்."

மானேஜர் கை பட்டுத் திருகாணி மூடி சரிந்தது. திருகாணிகள் தரையெல்லாம் உருண்டன. அந்தப் பெண் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி அவர் கையில் வைத்தாள். அவள் காட்டிய அந்தச் சின்னப் பரிவு அவரைச் சுட்டது. வைதிருந்தால் தாங்கியிருப்பார்.

அவள் போன பிறகு மனைவி கேட்டாள். "வர்றேன்னா சொன்னீங்க?"

"இல்லை."

"அந்தப் பொண்ணு அப்படித்தான் நினைச்சிருக்கு. அவங்க அம்மாவும் அப்படியே நினைச்சிருந்தா?"

"அதான் தெரியல."

"நாளைக்கு மைக்கைப் பிடிச்சுக்கிட்டு என்ன சொல்லப்போறீங்க?"

அவர் வாய்வரை ஒரு சொல் வந்தது. விழுங்கிக்கொண்டார்.

இரங்கல் கூட்டமென்று இயந்திரத்தை நிறுத்தவில்லை. "நான் செத்தாலும் மோட்டார் நிக்கக்கூடாது, ஐஸுக்குத் துக்கம் தெரியாது" என்று முதலாளி வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அதனால் கொட்டகைக்குள் கடகடவென்று சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. அமோனியா நெடி மெல்லக் கசிந்தது. மேடையைக் கழுவிவிட்டு, ஈரத்தின்மேல் சாக்குகளை விரித்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்றிவிட்டுக் குளிர்ந்த தரையில் நின்றார்கள். படத்துக்குக் கீழே யாரோ ஒரு முழு ஐஸ் கட்டியை நிறுத்தி வைத்திருந்தார்கள். அது சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருந்தது.

சுமைக்காரர்களின் மேஸ்திரி மானேஜரைக் கண்டதும் ஓடிவந்தார். "வாங்கண்ணே. நீங்க வராம இந்த மேடையே ஊமையாக் கிடக்கு. இப்பல்லாம் இல்லைன்னா இல்லைன்னே சொல்றாங்க. காது கூசுது."

"அதான்யா நல்லது" என்றார் மானேஜர்.

"என்னண்ணே இப்படிச் சொல்லிட்டீங்க? பார்க்கலாம்னு சொன்னா ஒரு மரியாதை இருந்திச்சே. வந்தவன் மூஞ்சி வாடாதே."

"காத்திருந்தவன் மூஞ்சியை நாம எங்க பார்த்தோம்?"

மேஸ்திரிக்குப் புரியவில்லை. அண்ணன் துக்கத்தில் ஏதோ பேசுகிறார் என்று தோளைப் பிடித்து நாற்காலியில் உட்காரவைத்தார்.

சங்கத்துக்காரர்கள் பேசினார்கள். வள்ளல் என்றார்கள், வழிகாட்டி என்றார்கள். பிறகு, யாரும் கூப்பிடாமலே, மீன்காரம்மா ஒருத்தி முன்னால் வந்தாள். மைக்கைத் தள்ளிவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"எனக்கு மேடைப் பேச்செல்லாம் வராது. நான் முதல்முதலா இங்க வந்தப்ப, இதோ உட்கார்ந்திருக்காரே, இந்த மகராசன், பார்க்கலாம்னார். அர்த்தம் புரியாம நானும் கூடையை வச்சுக்கிட்டு மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தேன்."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

"சிரிங்க, சிரிங்க. அப்ப முதலாளி அந்தப் பின்கதவு வழியா வந்தார். இவர் பார்க்காதபடிக்கு அரைக்கட்டியை என் கூடையில வச்சு, சாக்கைப் போட்டு மூடினார். 'அவன்கிட்ட சொல்லிடாதம்மா, என்னைத் திட்டுவான். நம்பி உட்கார்ந்தவங்களை வெறுங்கையா அனுப்பினா எனக்குச் சோறு இறங்காது'ன்னார். அன்னிலேர்ந்து என் பிழைப்பு ஓடுது. அந்த மனுஷன் நல்லா இருக்கணும்." இருக்கணும் என்று சொன்ன பிறகுதான் அவர் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

மானேஜரை அழைத்தார்கள். எழுந்து மைக்குக்கு முன் நின்றார். இத்தனை வருடம் அவர் அதிகாரத்தோடு நடந்த மேடை அது. மேடைக்குக் கீழே பார்த்தார். ஒவ்வொரு நாளும் யாராவது ஒருவர் குந்தியிருந்த இடம். அந்தப் பின்கதவு விஷயம் அவருக்குத் தெரியாது. மேடையைக் கூட்டினவர்களுக்குத் தெரிந்திருக்கும், வாங்கிப் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். அவருக்கு மட்டும் தெரியாது.

"அவன்..." என்று தொடங்கினார். "என் சிநேகிதன்..."

அதற்குமேல் வரவில்லை. கையைக் கூப்பினார். துக்கம் தொண்டையை அடைத்துவிட்டது என்று எல்லோரும் தலையாட்டினார்கள். முன்வரிசைக்காரர் ஒருவர், "பாவம், உயிர்ச் சிநேகிதம்" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது அவர் காதில் விழுந்தது. செய்யாத நன்மைக்குக் கிடைக்கிற புகழைவிடக் கசப்பானது இந்த உலகத்தில் வேறு இல்லை.

முதலாளியின் மனைவி கூட்டத்துக்கு வரவில்லை. மானேஜர் வீட்டுக்குப் போகாமல் நேரே அவளைத் தேடிப் போனார். வெயில் தணிந்து, தெருவில் பிள்ளைகள் சைக்கிள் விட்டுக்கொண்டிருந்த நேரம். போர்டிகோவில் இரண்டு பிரம்பு நாற்காலிகள் எதிரெதிரே கிடந்தன. ஒன்றில் அவள் உட்கார்ந்திருந்தாள். இன்னொன்றை யாரும் நகர்த்தவில்லை என்பது அதன்மேல் படிந்திருந்த தூசியில் தெரிந்தது.

"வாங்கண்ணே. உட்காருங்க" என்றாள்.

அவர் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். சொல்லலேன்னா எனக்கு மூச்சு முட்டுது. அன்னிக்கு அவன் கூப்பிட்டப்ப எனக்கு ஒரு வேலையும் இல்லை. நான் வர்றேன்னு சொல்லல. பார்க்கலாம்னுதான் சொன்னேன். மேடையில சொல்லுவேனே, அந்தப் பார்க்கலாம். வரமாட்டேன்னு அர்த்தம். உன் பொண்ணு பாவம், நான் வர்றதாச் சொன்னேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. நீயும் அப்படி நினைச்சு எனக்கு நாற்காலி போடாதே. அதுக்கு நான் லாயக்கில்லை."

அவள் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ணே" என்றாள்.

"உனக்கா?"

"இந்த வீட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும், பார்க்கலாம்னா என்னன்னு. பொண்ணுக்குத்தான் தெரியாது. அவ இங்க வளரல."

"அப்ப அவனுக்கு..."

"உங்ககூடச் சேர்ந்து அந்த வார்த்தையைப் புழக்கத்துல விட்டவர். அவருக்குத் தெரியாதா? போனை வச்சதும் சிரிச்சார். 'என்னையே மேடைக்கு வந்தவனாட்டம் திருப்பி அனுப்பிட்டான் பாரு'ன்னார்."

மானேஜர் கை தூணிலேயே இருந்தது. "தெரிஞ்சுமா நாற்காலி போட்டான்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். வரமாட்டேன்னவருக்கு எதுக்குங்க நாற்காலின்னு. 'மேடையோரம் புதுசா வந்தவன் உட்கார்ந்திருப்பானே, அர்த்தம் தெரியாம, நம்பிக்கிட்டு? இன்னிக்கு நானும் அப்படி உட்கார்ந்து பார்க்கறேன். அவன் சொல்ற வார்த்தைக்கு ஒருநாளாவது அதோட சொந்த அர்த்தம் இருக்கட்டுமே'ன்னார். நான்தான் ஷேவ் பண்ணத் தண்ணி கொண்டுவந்து வச்சேன்."

தெருவில் ஒரு பிள்ளை சைக்கிளோடு விழுந்து, தானே எழுந்து, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தது.

"எதுக்குக் கூப்பிட்டான்னு சொன்னானா?"

"விழாவுல உங்க பேரை விட்டுட்டதைச் சொல்லத்தான். வீட்டுக்கு வந்ததும் தலையில அடிச்சுக்கிட்டார். சமாதானத்துக்கு வேற ஏதாவது சொல்லணும்னு எனக்கு ஆசைதான். ஆனா நிஜத்தைச் சொல்றேன், அவர் மறந்துட்டார்ணே. வெறும் மறதி. போன்ல சொன்னா நல்லா இருக்காது, நேர்லதான் கேட்கணும்னார்."

வெறும் மறதி. ஒரு வயதான மனிதனின் மறதியைக் கல்லாக்கித் தான் இத்தனை நாள் சுமந்ததை நினைத்தபோது மானேஜருக்கு உடம்பு கூசியது.

"எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தான்?"

"தெருவிளக்கு எரியற வரைக்கும்."

அவர் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவள் தடுக்கவில்லை. அழுது முடிந்ததும் சொன்னாள்: "எனக்கு உங்கமேல கோவம்தான்ணே. இல்லைன்னு சொன்னா கடவுளுக்கு அடுக்காது. பத்து வீடு தள்ளி இருக்கிறவங்க வந்திருக்கலாம். ஆனா அவர் கோவமாப் போகல. அதையும் மறைக்கக்கூடாது இல்லையா?"

"கோவப்பட்டுக்கோம்மா. அது எனக்கு வேணும்."

"அது பாட்டுக்கு இருக்கட்டும். டீ குடிப்பீங்க இல்ல?" அவள் எழுந்து உள்ளே போனாள். இரண்டு தம்ளர்களில் டீயும் ஒரு தட்டில் ரொட்டியும் கொண்டுவந்தாள். ஒன்றை எதிர்நாற்காலிப் பக்கம் நகர்த்திவிட்டு, முந்தானையால் நாற்காலித் தூசியைத் தட்டினாள். கோபத்தையும் வைத்துக்கொண்டு, தூசியையும் தட்டிவிட்டாள். மனிதரில் கடவுள் இருக்கிற இடம் அதுதான் போலிருக்கிறது.

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து குடித்தார். சர்க்கரை அதிகமாக இருந்தது. முதலாளிக்குப் போடுகிற அளவு.

"இந்தச் சாயங்காலம்தான்ணே கழிய மாட்டேங்குது" என்றாள் அவள். "காலையில வேலை இருக்கு, யாராவது வராங்க. இந்த நேரத்துலதான் வீடு திறந்து போட்ட மாதிரி இருக்கு. நாளைக்கும் இப்படி வந்துட்டுப் போங்களேன். அண்ணியையும் கூட்டிக்கிட்டு."

"பா..." என்று அவர் உதடு பழக்கத்தில் குவிந்தது. அவள் ஏறிட்டுப் பார்த்தாள். அவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"வர்றேன்" என்றார்.

"போறவங்க எல்லாரும் அதைத்தான் சொல்லிட்டுப் போறாங்க."

"நான் வர்றதுக்குத்தான் சொல்றேன்மா."

வீட்டுக்கு வந்ததும் அவர் செய்தித்தாளின் முன் உட்கார்ந்து திருகாணி மூடியை எடுத்தார். இறக்கைகளைத் துடைத்து மாட்டினார். ஒரு திருகாணி குறைந்தது. மனைவி அலமாரிக்கடியில் துடைப்பத்தை விட்டுத் துழாவி எடுத்துக்கொடுத்தாள். விசிறி ஓடத் தொடங்கியதும், முந்தானையைத் தளர்த்திக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தாள்.

மறுநாள் சாயங்காலம் இரண்டு பேரும் போனார்கள். பெண்கள் இருவரும் உள்ளே அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தார்கள். மானேஜர் போர்டிகோவில் தனக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்நாற்காலி காலியாக இருந்தது. சைக்கிள் பிள்ளைகளை ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கூப்பிட்டுக்கொண்டார்கள். தெரு அடங்கியது.

தெருவிளக்கு எரிந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.